ப்ரொப்பெல்லருக்குச் சந்தனம் வைத்த கதை

என் சமையல்கட்டுச் சுவரில் கரண்டி மாட்டுவதற்கென்று வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தேன். இப்போது அந்த ஆணிகளில் ஒரு கரண்டி கிடையாது. எல்லாவற்றிலும் ப்ரொப்பெல்லர் தொங்குகிறது. என் மருமகள் ரிமோட்டில் ஓட்டுகிற சின்ன விமானம் ஒன்று வைத்திருக்கிறாள். அதன் மூக்கில் சுழலுகிற இறக்கைக்குத்தான் அந்தப் பெயர். அவளும் அவள் கூட்டாளிகளும் சுருக்கமாக ப்ராப் என்பார்கள். பெரும்பாலும் வெள்ளைப் பிளாஸ்டிக். நுனி உடைந்தும் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருப்பவையும் உண்டு. மாட்டி வைத்தவர் என் வீட்டுக்காரர். என் கரண்டிகளை எடுத்து ஊறுகாய் ஜாடிக்குள் தலைகீழாகக் குத்தி வைத்துவிட்டார். கேட்டால், "அடுப்பங்கரையிலதான்டி ஈரம் ஏறாம இருக்கும்" என்கிறார். சாம்பார் கொதிக்கிற இடத்தில் ஈரம் ஏறாதாம்.

கரண்டி போனால் போகட்டும். மருமகள் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனாள் என்றால் எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். என்னிடமிருந்து அவரிடம் போய்விட்டாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டே போகிறாள். யாராவது பேசினதைச் சொல்லும்போது மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். "இதெல்லாம் எழுதினா தாத்தா கோவிச்சுக்க மாட்டாங்களா அம்மாச்சி" என்று கேட்கிறாள். கோவிக்கட்டும். கோபம் வந்தாலாவது என் பக்கம் திரும்புவார்.

என் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை. அதனால் எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசைச் சாமான்களோடு நீளமாக ஓர் அட்டைப்பெட்டியும் வந்து இறங்கியது. ஸ்டாண்டு ஃபேன் என்று நினைத்து, வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் பொண்ணு வீட்டில் ஃபேன் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திறந்தால் விமானம். முதுகெல்லாம் சிவப்பு, வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். வயிற்றுக்கு ஏன் வேறு கலர் என்று கேட்டேன்.

"மேல போய்க் கவுந்துட்டா எது முதுகு, எது வயிறுன்னு கீழ இருந்து தெரியணும்ல அத்தை" என்றாள்.

கவிழ்வதற்கென்றே ஒரு விமானம் செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்ற விமானம் மாதிரி இது சும்மா போய்ச் சும்மா வராது. குட்டிக்கரணம் போடும். மல்லாந்து போகும். ஒருக்களித்துக்கொண்டு, ஒரு இறக்கை வானத்துக்கும் ஒரு இறக்கை பூமிக்குமாகப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. மூக்கை நேராக ஆகாயத்துக்குக் காட்டி, வாலைக் கீழே தொங்கவிட்டு, நடுவானத்தில் ஏறாமலும் இறங்காமலும் அப்படியே நிற்கும். எங்கள் வீட்டில் அதற்குத் தொங்கல் என்று பெயர். நான் வைத்த பெயர்தான். முதல் தடவை பார்த்த அன்றைக்கு வாயைத் திறந்தவள் மூட மறந்து நின்றேன். இன்றைக்கும் எனக்கு அது அலுக்கவில்லை. எத்தனையோ பேர் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள், எனக்குக் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிற இடம் அதுதான்.

எங்கே விடுகிறோம் என்று சொல்ல வேண்டும். திருவாரூர் ரோட்டில் எங்கள் ஊர் தாண்டினதும் ஒரு மனைக்கட்டு இருக்கிறது. நெல் விளைந்த இடத்தை யாரோ வாங்கி, மண் அடித்து மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு, வாசலில் வளைவெல்லாம் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வீடும் வரவில்லை. ஆடு உரசி உரசிப் பாதிக் கல் சாய்ந்துவிட்டது. நடுவில் அகலமாக ஒரு கப்பி ரோடு போட்டிருக்கிறார்கள். அதுதான் எங்கள் விமானம் ஓடி ஏறுகிற இடம். சுற்றிலும் வயல்தான். தப்பி விழுந்தால் சேற்றில் இறங்கித்தான் எடுக்க வேண்டும். முதல் வருஷம் பூராவும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கி எடுத்தது நான்தான். நட்ட பயிரை மிதிக்காமல் போக மருமகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அது என் கால் பழகின வேலை.

அந்த முதல் வருஷத்தில் வாலைப் பிடிப்பதும் நான்தான். புறப்படுவதற்கு முன்னால் மோட்டாரை முழுசாக முறுக்கிப் பார்ப்பாள். அப்போது யாராவது வாலைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விமானம் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். நான் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ப்ராப் அடிக்கிற காற்றில் முன் தலைமுடியெல்லாம் எழுந்து நிற்கும். "விடுங்க அத்தை" என்பாள். விடுவேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருப்பேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் பின்னால், மடியில் இறக்கையைப் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வழியெல்லாம் பேச்சுதான். அவள் பாலிடெக்னிக் கதை, நான் என் மாமியார் கதை.

அப்புறம் என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார்.

அரசு பஸ் ஓட்டினவர். வேலையில் இருந்தவரைக்கும் ஞாயிறு, திங்கள் என்றெல்லாம் அவருக்குக் கிடையாது. அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பங்கம் இல்லாமல் இருந்தது. வீட்டோடு வந்ததும் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார். "மாமியாரும் மருமகளும் பொம்மை வுடப் போறீங்களாக்கும்" என்று கேலி பேசிக்கொண்டுதான் வந்தார். நான்தான் சும்மா இருக்காமல், வெயிலுக்குக் குடை பிடிக்க ஆளாயிற்று என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மருமகள் என்னிடம் ப்ராப் எப்படிப் பார்த்து மாட்டுவது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண் போட்டிருக்கும். "மொத நம்பர் அதோட நீளம் அத்தை. ரெண்டாவது, ஒரு சுத்து சுத்தினா எவ்ளோ தூரம் முன்னாடி போகும்னு. இறக்கை எவ்ளோ முறுக்கா இருக்கோ, அவ்ளோ தூரம் போகும். முறுக்கு கம்மியா இருக்கறதுதான் தொங்கலுக்கு நல்லது." நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாதி புரிந்தது. மீதியை வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சொன்னார்: "கியருன்னு சொல்லும்மா. முறுக்கு கம்மின்னா ஃபஸ்ட் கியர். பாலத்துல முக்கி ஏறிடும், வேகம் போவாது. முறுக்கு ஜாஸ்தின்னா டாப் கியர். பறக்கும், ஏத்தத்துல தெணறும்."

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "அதேதான் மாமா. எங்க பசங்களுக்கு நான் ஒரு மணி நேரம் சொல்றத ஒரு வரியில சொல்லிட்டீங்க."

அந்தத் திரும்பல்தான். ப்ராப் விஷயத்தில் அதற்குப் பிறகு அவள் முகம் என் பக்கம் வரவில்லை. சனிக்கிழமையானால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பதிமூணுக்கு நாலு போடலாமா, பன்னெண்டுக்கு ஆறு போடலாமா மாமா?" என்பாள். அவரும் காலை ஆட்டிக்கொண்டு யோசிப்பார். "நாளைக்குத் தொங்கல் நெறைய இருக்கா, இல்ல நேரா ஏறி நேரா எறங்கற கோடு போடப் போறியா?" என்பார். "தொங்கல்னா பதிமூணுக்கு நாலு. கோடுன்னா பன்னெண்டுக்கு ஆறு." கல்யாணமான நாளிலிருந்து நான் என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டால், "எதையாவது வையி" என்று சொன்ன மனுஷன் இவர்தான். இவருக்கு இத்தனை யோசனை உள்ளே இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வேளை ரசத்துக்குக்கூட அதில் பங்கு வரவில்லை.

போதாததற்கு மருமகள் அவருக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு குட்டித் தூண், நடுவில் ஒரு கம்பி. ப்ராப்பைக் கம்பியில் கோத்து விட்டால் எந்த இறக்கை கனமோ அது கீழே இறங்கும். இறங்கின பக்கத்தை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி மாட்டிப் பார்த்து, இரண்டும் சமமாக நிற்கிறவரைக்கும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது விமானம் முழுக்க நடுங்குமாம். அதற்கு அவர் கூடத்தில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். மருமகள் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான் டீ டம்ளரை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"ஃபேனைப் போடாத. காத்துல அசையுது."

"எனக்கு வேர்க்குதுங்க."

"வெளிய போயி வேர்த்துக்க."

மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் சொன்ன விதம் அப்படி. ஆனால் அந்தச் சிரிப்பு என்னுடைய பங்கு. ஸ்கூட்டரில் என் மாமியார் கதைக்குச் சிரிக்க வேண்டிய சிரிப்பு. ஒரு நாள் சும்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "எண்ணெக் கையால தொடாதடி, ஒரு பக்கம் கனம் ஏறிடும்" என்று வாங்கி வேட்டியால் துடைத்தார். வேட்டி என்ன கங்கையில் நனைத்ததா.

நானும் சும்மா விடவில்லை. என் மகன் சிங்கப்பூரிலிருந்து மரத்தில் செய்த ப்ராப் ஒன்று அனுப்பியிருந்தான். இருந்ததிலேயே பெரியது, பதினாலு இஞ்சு. நல்ல வழுவழுப்பு, தேக்குக் கதவு மாதிரி வரி ஓடியிருக்கும். எனக்கு அதன் மேல் ஒரு கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இதப் போடும்மா. களத்துல நெல்லு தூத்தும்போது பாத்திருக்கேன். பெரிய காத்தாடின்னா காத்து அகலமா, நெதானமா வரும். பதரு தனியா போவும், நெல்லு நிக்கும். சின்னக் காத்தாடி ஒரே எடத்துல சீறும், நெல்லையும் சேத்து அள்ளிட்டுப் போவும். தொங்கலுக்கு அகலக் காத்துதான வேணும்?"

"நீங்க சொல்றது சரிதான் அத்தை. தொங்கலுக்குப் பெருசு நல்லதுதான். ஆனா நம்ம பிளேனுக்குக் காலு குட்டை. பதினாலு போட்டா தரையத் தட்டிடும். மோட்டாரும் சூடாயிடும்."

"ஒரு தடவ போட்டுப் பாரேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டினாள். கப்பி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடியது. ஒரு கல்லில் ஏறி மூக்கு லேசாகக் குனிந்தது. டக்கென்று ஒரு சத்தம். பாதி இறக்கை எங்கேயோ மஞ்சள் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"குட்டக் காலுக்காரன் எட்டு மொழ வேட்டி கட்டினா இப்பிடித்தான்" என்றார் அவர்.

அதோடு விட்டிருந்தால் சரி. பால்காரரிடம் சொன்னார். சிங்கப்பூருக்குப் போன் போட்டு மகனிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். நான் பார்சல் வாங்கப் போனால் டீ மாஸ்டர், "ஒங்களுக்கு எத்தினி இஞ்சு டீ போடட்டும்மா" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அடுத்த வாரம் மனைக்கட்டில் நான் முட்டி போடப் போனபோது, "வாலை நான் புடிச்சுக்கறேன், நீ ஃப்ளாஸ்க்கைப் பாத்துக்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மருமகளும், "அத்தைக்கும் முட்டி வலிக்குது பாவம்" என்றாள். எனக்கு முட்டி வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை.

அன்றையிலிருந்து "விடுங்க மாமா" ஆகிவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எது மாட்டலாம் என்று அவள் ஒரு தடவையாவது என்னைக் கேட்க வேண்டும். அவரைக் கேட்கிற மாதிரி, கையில் ஒன்று இரண்டை வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்று என்னைக் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது. கேட்டால் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆயுத பூஜை வந்தது. விஜயதசமி அன்று லீவு என்பதால், மருமகளைப் போல விமானம் விடுகிற சிலர் திருச்சியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் எங்கள் மனைக்கட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் வருகிறார் என்றும் சொன்னாள். ரொம்ப வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அங்கேயே விமானம் விட்டுப் பழகினவராம். அவருக்குத் தெரியாத ப்ராப் இல்லையாம்.

"நம்ம மாமாவ விடவா?" என்று கேட்டேன், ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே.

"பாய் பெரிய ஆளு அத்தை" என்றாள். அவர் பேப்பரைப் புரட்டினார். புரட்டின வேகத்தில் ஒரு தாள் கிழிந்தது.

ஆயுத பூஜை என்றால் என் வீட்டுக்காரருக்கு அது தனி. டெப்போவில் இருந்தபோது பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். இப்போது பஸ் இல்லை. அதனால் வீட்டில் இருக்கிற அத்தனையும் பஸ்தான். நான் கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தேன். அரிவாள், மண்வெட்டி, ஸ்கூட்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஒன்றையும் விடவில்லை. விமானத்துக்கு மூக்கில் ஒன்று. அப்புறம் என் ஆணிகளிலிருந்து ப்ராப்பையெல்லாம் இறக்கி, வாழை இலையில் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் கட்டை விரல் அகலத்தில் அப்பினார். எண்ணெய்க் கையே ஆகாது என்ற மனுஷன் இவ்வளவு சந்தனம் வைக்கிறாரே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. சாமி காரியத்தில் நாம் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்தேன். மருமகளுக்கு அன்று பாலிடெக்னிக்கில் பூஜை. அவள் இதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சூடம் காட்டிவிட்டு, விமானத்தில் ப்ராப்பை அவரே மாட்டி, மற்றதையெல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். எனக்கு ஃப்ளாஸ்க்.

மனைக்கட்டில் அன்றைக்கு நல்ல கூட்டம். காரில் வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கூத்தாநல்லூர்க்காரர் விமானம் எங்களுடையதைப் போல இரண்டு பங்கு இருந்தது. ஆள் ரொம்ப மரியாதை. என்னைப் பார்த்ததும், "அம்மா, வாங்க, நெழல்ல ஒக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். மருமகளின் முறை வந்தது. என் வீட்டுக்காரர் முட்டி போட்டு வாலைப் பிடித்தார். "விடுங்க மாமா." விட்டார்.

ஏறும்போதே சத்தம் சரியில்லை. எப்போதும் ஒரே சீராக வருகிற இரைச்சல், அன்றைக்கு ஜுரக்காரன் பல்லடிக்கிற மாதிரி வந்தது. இறக்கையெல்லாம் நடுங்கியது. மருமகள் முகம் மாறிவிட்டது. ஒரு வட்டம்கூட முடிக்காமல் கொண்டுவந்து இறக்கினாள். ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றிவிட்டு ப்ராப்பைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், ஒரு இறக்கையில், மஞ்சளாக ஒரு கட்டி. நடுவில் குங்குமம். இன்னொரு இறக்கையில் ஒன்றும் இல்லை.

"மாமா, இது..."

"சந்தனம்மா."

"தெரியுது மாமா. எல்லா ப்ராப்லயுமா வச்சீங்க?"

"ஆயுத பூஜையாச்சே. நம்பரு மறையக் கூடாதுன்னு பின்பக்கமா வச்சேன்."

"ரெண்டு இறக்கையிலயும் வச்சிருந்தாக்கூட சமமாயிருக்குமே மாமா."

"ஒரு வண்டிக்கு ஒரு பொட்டுதானம்மா" என்றார் அவர்.

பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் நாலு பேர் சிரித்தார்கள். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டின கப்பியைத் தட்டிவிட்டு, மனைக்கட்டுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகையில் போய், கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துகொண்டார். முதுகைத்தான் காட்டினார். எனக்கு உள்ளே பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அந்த இடம் காலி. வாலைப் பிடிக்கிற இடம், யோசனை சொல்கிற இடம், எல்லாம் காலி.

அதற்குள் கூத்தாநல்லூர்க்காரர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "டீச்சர், எங்கிட்ட இதே பதிமூணுக்கு நாலு கார்பன்ல இருக்கு. சமம் பாத்து வச்சதுதான். போட்டுக்கங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க."

நாவப்பழக் கறுப்பில் மின்னியது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் போடுங்கள் என்றார்கள். மருமகள் ஒரு கையில் அதையும் ஒரு கையில் சந்தனம் அப்பின எங்கள் வெள்ளைப் ப்ராப்பையும் வைத்துக்கொண்டு நின்றாள். கொட்டகைப் பக்கம் பார்த்தாள். முதுகுதான் தெரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, எது மாட்டலாம்?"

கேட்டுவிட்டாள். அத்தனை பேருக்கு நடுவில், இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

சரியான பதில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கறுப்பை மாட்டு என்று சொல்ல வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கறுப்பு மினுமினுப்பு எங்கள் விமானத்தின் மூக்கில் சுற்றுகிறதை நினைத்தேன். அது நன்றாகத்தான் சுற்றும். நன்றாகச் சுற்றினால் அடுத்த சனிக்கிழமை என்ன ஆகும்? பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குப் போன் போடுவாள். எது மாட்டலாம் பாய் என்பாள். இப்போதாவது அந்தக் கேள்வி என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது, சமையல்கட்டிலிருந்து காதில் விழுகிறது. அப்புறம் வீட்டை விட்டே போய்விடும். 

"நம்மளோடதையே மாட்டும்மா" என்றேன்.

"சரி அத்தை. ஆனா இதத் தொடச்சுட்டு மறுபடி சமம் பாக்கணும். அவசரத்துல எனக்கு அது சரியா வராது, எல்லாரும் பாக்கறாங்க."

யார் சமம் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கிடைத்த இடத்தில் ஒரு நிமிஷம் உட்காரக்கூட இல்லை நான். கொட்டகைக்குப் போனேன்.

"இந்தாங்க, எழுந்து வந்து இதச் சமமா நிறுத்துங்க."

"பாய் குடுக்கறதப் போட்டுக்கச் சொல்லு. அவருதான் பெரிய ஆளு."

"போட்டுக்கிட்டா அப்பறம் வாராவாரம் அவரத்தான் கேப்பா. ஒங்களையும் கேக்க மாட்டா, என்னையும் கேக்க மாட்டா. ஒங்களுக்குச் சம்மதமா?"

திரும்பி என்னைப் பார்த்தார். இந்த ஒரு விஷயம் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்துவிட்டார்.

தண்ணீரை ஊற்றி, என் முந்தானையால் சந்தனத்தை நான்தான் துடைத்தேன். அவர் தொட விட்டது அதுதான் முதல் தடவை. "அழுத்தாத. நுனியப் பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கருவியைத் தரையில் வைத்தால் வயல் காற்றில் ப்ராப் நிற்கவில்லை. "கொஞ்சம் மறைச்சு நில்லுங்க" என்றார். சிரித்தவர்களெல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கூத்தாநல்லூர்க்காரர் தோளில் கிடந்த துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார். சந்தனம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது போல, ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்தது. என் வீட்டுக்காரர் மற்றதில் நகக்கண் அளவு டேப்பை ஒட்டினார். அதிலும் துளி கிள்ளினார். மறுபடி பார்த்தார். இரண்டு இறக்கையும் வரப்பு மாதிரி நேராக நின்றன.

"அண்ணே, என்னோடதையும் ஒங்ககிட்டதான் குடுத்து அனுப்பணும் போலருக்கே" என்றார் கூத்தாநல்லூர்க்காரர். என் வீட்டுக்காரர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். மருமகள் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கூடத்தில் பார்க்கிற மாதிரியே. நான் ஈர முந்தானையைப் பிழிந்தேன்.

"விடுங்க மாமா" என்றாள்.

விமானம் சீரான சத்தத்தோடு ஏறியது. கரணம் போட்டது, மல்லாந்து வந்தது, கடைசியில் எங்கள் எல்லாருக்கும் எதிரே வந்து மூக்கைத் தூக்கித் தொங்கலில் நின்றது. பிளாஸ்டிக்கில் குங்குமக் கறை முழுக்கப் போகவில்லை. அது சுற்றும்போது வெள்ளை வட்டத்துக்குள் லேசாக ஒரு சிவப்பு வளையம் தெரிந்தது. அந்த அழகை நான் எப்படிச் சொல்வேன். யார் வாலைப் பிடித்தார்கள் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்மணி கையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், அவர் யாரென்றே தெரியாது.

எல்லாம் முடிந்து சாமான் எடுத்து வைக்கும்போது, என் வீட்டுக்காரர் திருச்சிக்காரர் ஒருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசியில எது மாட்டலாம்னு மருமக கேட்டுச்சு. நம்மளோடதே போதும்னுட்டேன்."

"கேட்டது என்னைய" என்றேன் ஃப்ளாஸ்க்கைத் திருகிக்கொண்டே.

"நான் இல்லாதப்ப கேட்டிருக்கும்."

"ஏம்மா, நீ சொல்லு. யாரக் கேட்ட?"

மருமகள் இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அத்தையத்தான் மாமா கேட்டேன்."

 "கேட்டா என்ன, சமமா நிறுத்தினது யாரு?" என்றார் அவர்.

"தொடச்சது யாரு?" என்றேன் நான்.

மருமகள் எங்கள் இருவரையும் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூத்தாநல்லூர்க்காரர் காரில் ஏறப் போனவர் நின்று, "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். அவள் போனாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அவர் டிக்கியைத் திறந்து இன்னொரு கறுப்பு ப்ராப்பை எடுத்தார். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார். "என்ன சொல்றாரு?"

"தெரியல. கேக்க மாட்டேங்குது."

"பதினாலு இஞ்சுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"இவங்களுக்கு வேற வேல இல்லையா, கெளம்ப வேண்டியதுதான" என்று முணுமுணுத்துக்கொண்டே ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் காரைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.